வித்தும் நிலமும்: காசநோய் பற்றிய கசனோவாவின் நிர்ப்பீடன ஆய்வுகள்

ஒரே வீட்டில் வாழ்ந்து, ஒரே பானைச் சோற்றை உண்டு, ஒரே காற்றைச் சுவாசித்து வளரும் உடன்பிறந்தோருள் ஒருவர் காசநோய்க்கு ஆளாக, ஏனையோர் நலமாக இருப்பதை நாம் காண்கின்றோம். உலக மக்களுள் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கினர் காசக்கிருமியின் தொற்றைப் பெற்றவர்கள் எனக் கணிக்கப்பட்டுள்ளது. ஆயினும் அவர்களுள் தம் வாழ்நாளில் நோய்வாய்ப்படுவோர் நூற்றுக்கு 5 முதல் 10 பேர் வரையினரே. இச்சிறு பங்கினரின் தொகையும் சிறிதன்று. 2023 ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 1 கோடியே 8 இலட்சம் பேர் இந்நோய்க்கு ஆளாயினர். 12 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். கிருமியை உட்கொண்ட பலருள் சிலரை மட்டும் நோய் தெரிந்தெடுப்பது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடைகாணும் முயற்சியில் முன்னணியில் நிற்பவர்களுள் ஒருவர் பிரெஞ்சுக் குழந்தை மருத்துவ அறிஞர் ஜோன் லோறன் கசனோவா. அவரும் அவருடைய குழுவினரும் முப்பது ஆண்டுகளாக நடத்திவரும் ஆய்வுகளையும், அவற்றினூடாகத் தெளிவாகிய உண்மைகளையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழைய வினா

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை ஐரோப்பிய மருத்துவர் பலர் காசநோயைப் பரம்பரை நோய் எனவே கருதினர். ஒரே குடும்பத்தில் அது திரும்பத் திரும்பத் தோன்றியமை அவர்களை அவ்வாறு எண்ணச் செய்தது. 1882 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 24 ஆம் நாள் பேர்லினில் றொபேட் கொக் காசக்கிருமியைத் தாம் கண்டறிந்தமையை அறிவித்தார். அன்றுதொட்டு நோயின் காரணம் கிருமியே என்பது நிலைநாட்டப்பட்டது. பரம்பரை பற்றிய பேச்சும் பின்தள்ளப்பட்டது. எனினும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கிருமி உடலினுட் புகுந்தும் நோய்க்குறி எதுவும் தோன்றாத நிலை உண்டு என்பதைச் சாள்சு நிக்கொல் முதலிய அறிஞர்கள் எடுத்துக்காட்டியபோது பழைய வினா மீண்டும் எழுந்தது. வித்து ஒன்றே, நிலம் வேறுபடுகின்றதா?

1930 ஆம் ஆண்டு ஜேர்மனியின் லூபெக் நகரில் நிகழ்ந்த பேரிடர் இவ்வினாவைக் கொடூரமான முறையில் முன்வைத்தது. புதிதாய்ப் பிறந்த குழந்தைகள் 250 இற்கு மேற்பட்டோருக்கு வாய்வழியே வழங்கப்பட்ட தடுப்பு மருந்தில் வீரியமுள்ள காசக்கிருமி தவறுதலாகக் கலந்திருந்தது. 70 இற்கு மேற்பட்ட குழந்தைகள் இறந்தன. ஆனால் பெரும்பாலான குழந்தைகள், நோயுற்றவை உட்பட, உயிர் பிழைத்தன. குழந்தைக்குக் குழந்தை உட்சென்ற கிருமியின் அளவு வேறுபட்டது உண்மையே. எனினும் அவ்வேறுபாடு ஒன்றே முழு விளக்கமாகாது எனப் பலர் எண்ணினர். 1943 ஆம் ஆண்டு நியூயோர்க்கில் வெளிவந்த இரட்டையர் பற்றிய ஆய்வொன்றும் இவ்வெண்ணத்துக்கு ஆதரவளித்தது. இரட்டையருள் ஒருவர் காசநோயுற்றால் மற்றவரும் நோயுறுவது, ஒருகரு இரட்டையரிடையே இருகரு இரட்டையரிடையிலும் பார்க்க மிகுதி என அது காட்டிற்று.

வறுமை, குறைவூட்டம், நெருக்கமான குடியிருப்பு, நீரிழிவு, எச். ஐ. வி. தொற்று ஆகியன நிலத்தின் தன்மையை மாற்றுவன என்பதில் ஐயமில்லை. மருந்துகள் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்னரே இங்கிலாந்தில் காசநோய் இறப்புக்கள் குறையத் தொடங்கியமை இதற்குச் சான்றாகும். ஆனால் இக்குறைபாடுகள் எவையும் இல்லாத ஒருவரும் நோயுறுகின்றார். அவருடைய உடலில் இல்லாதது யாது? இதனை மூலக்கூற்று மட்டத்திற் சுட்டிக்காட்டும் வாய்ப்பு 1990 களிலேயே கிட்டியது. அவ்வாய்ப்பு வந்தது காசநோயாளரிடமிருந்து அன்று. காசநோய்த் தடுப்பூசியால் நோயுற்ற சில குழந்தைகளிடமிருந்தே வந்தது.

தடுப்பூசியால் நோயுற்ற குழந்தைகள்

பி. சி. ஜி. எனப்படும் தடுப்பூசி உயிருள்ள பற்றீரியாவைக் கொண்டது. பிரான்சின் லீல் நகரில் கல்மெற்று, கெறன் என்னும் இருவரும் மாட்டுக் காசக்கிருமியை 1908 முதல் 1921 வரை 230 தடவைகள் மீண்டும் மீண்டும் வளர்ப்பூடகத்தில் வளர்த்து அதன் வீரியத்தைக் குன்றச் செய்தனர். 1921 இல் முதன்முதலாகப் பாரிசில் ஒரு குழந்தைக்கு வழங்கப்பட்ட இம்மருந்து, அதன்பின் கோடிக்கணக்கான குழந்தைகளுக்கு வழங்கப்பட்டுவிட்டது. பெரும்பாலோரிடம் அது கையில் ஒரு சிறு தழும்பை மட்டுமே விட்டுச்செல்கின்றது.

எனினும் மிகச் சில குழந்தைகளில் இச்சாதுவான பற்றீரியா ஊசியேற்றிய இடத்தில் அடங்கியிராது, நிணநீர்க்கணு, ஈரல், மண்ணீரல், என்பு மச்சை என உடலெங்கும் பரவி உயிருக்கே உலை வைத்தது. இவர்களுட் சிலர் ஏற்கெனவே அறியப்பட்ட கடுமையான நிர்ப்பீடனக் குறைபாடு உடையோர். மற்றையோரின் நிலையோ புதிராகவே இருந்தது. அவர்களுடைய குருதிக் கலங்களின் தொகையிற் குறைவில்லை. பிறபொருளெதிரிகள் முறையாகவே தோன்றின. சாதாரண வைரசுத் தொற்றுக்களையும் அவர்கள் பிறரைப் போலவே தாங்கிக்கொண்டனர்.

1963 ஆம் ஆண்டு பாரிசிற் பிறந்த கசனோவா, அந்நகரின் நெக்கர் குழந்தைகள் வைத்தியசாலையில் இப்புதிரை எதிர்கொண்டார். 1974 முதல் 1994 வரை பிரான்சில் இவ்வாறு நோயுற்ற குழந்தைகளின் பதிவுகளை அவரும் தோழர்களும் ஒருங்கு திரட்டினர். காரணம் அறியப்படாத இவ்வகை நோய் தடுப்பூசி பெற்ற பத்து இலட்சம் பேரில் ஒருவருக்கும் குறைவாகவே காணப்பட்டது. ஆனால் இக்குழந்தைகளின் குடும்பங்களை நோக்கியபோது இரு செய்திகள் புலனாயின. பெற்றோர் இரத்த உறவினராயிருத்தல் பொதுமக்களிடையே உள்ளதிலும் மிகுதியாயிருந்தது. சில குடும்பங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகள் நோயுற்றிருந்தனர். தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் ஒரே பரம்பரையலகின் பழுதுற்ற பிரதிகள் வந்து சேரும்போது மட்டும் வெளிப்படும் பின்னிடைவுக் குறைபாட்டின் இயல்பு இதுவே.

மூன்றாவது தடயம் நுணுக்குக்காட்டியின் கீழ்க் கிடைத்தது. உடல் காசக்கிருமியை எதிர்க்கும்போது, நிர்ப்பீடனக் கலங்கள் அதனைச் சுற்றி ஒன்றுதிரண்டு இறுகிய கலமுடிச்சுக்களை ஆக்குவது வழக்கம். நோயுற்ற குழந்தைகளிற் சிலரிடம் இம்முடிச்சுக்கள் செவ்வனே அமைந்திருந்தன. அவர்களுட் பலர் பிழைத்தனர். மற்றையோரிடம் கலங்கள் ஒழுங்கின்றிச் சிதறிக் கிடந்தன; ஒவ்வொரு கலத்தினுள்ளும் பற்றீரியா நிறைந்திருந்தது; அவர்களுட் பெரும்பாலோர் இறந்தனர். ஆகவே குறைபாடு ஒன்றன்று, ஒன்றுக்கு மேற்பட்டது என ஊகிக்க இடமிருந்தது.

இரு கலங்களின் உரையாடல்

இவ்விடத்தில், காசக்கிருமி உடலினுள் எவ்வாறு எதிர்கொள்ளப்படுகின்றது என்பதைச் சுருக்கமாக நோக்குவோம். சுவாசப்பையின் சிற்றறையை அடையும் கிருமியைப் பெருந்தின்கலம் விழுங்குகின்றது. பிற பற்றீரியாக்கள் பல இவ்வளவில் அழிந்துவிடும். காசக்கிருமியோ தன்னை விழுங்கிய கலத்தையே உறைவிடமாக்கிப் பெருகவல்லது. பிறபொருளெதிரிகள் குருதியில் எவ்வளவு மிகுந்திருப்பினும் கலத்தினுள் மறைந்துள்ள கிருமியை அவை எளிதில் அணுக முடியாது. எனவே அதனை அழிக்கும் பொறுப்பு அதனை விழுங்கிய கலத்தையே சாரும். அதற்கு அக்கலம் வெளியிலிருந்து தூண்டப்படல் வேண்டும். பெருந்தின்கலங்கள் இவ்வாறு ஆற்றல் பெறுகின்றன என்பதை 1960 களில் யோச்சு மக்கனசு, லிஸ்ரீரியா என்னும் பற்றீரியாவை எலிகளுக்கு ஏற்றி நடத்திய ஆய்வுகளாற் காட்டியிருந்தார். தூண்டும் பொருள் காமா இன்ரபெரோன் என்பது 1980 களில் தெளிவாகியது. இப்பொருளைத் தோற்றுவிக்க இயலாதவாறு ஆக்கப்பட்ட எலிகள் காசக்கிருமிக்கு விரைவில் இரையாவதை 1993 இல் அமெரிக்க ஆய்வாளர் எடுத்துக்காட்டினர்.

நிகழ்வை இரு கலங்களுக்கிடையிலான உரையாடலாகக் கொள்ளலாம். கிருமியை விழுங்கிய கலம் இன்ரலியூக்கின் 12 என்னும் புரதத்தைத் தூதாக வெளிவிடுகின்றது. ரீ நிணநீர்க்கலமும் இயற்கைக் கொல்கலமும் தம் மேற்பரப்பிலுள்ள வாங்கிகளால் அத்தூதைப் பெறுகின்றன. பெற்றதும் அவை காமா இன்ரபெரோனை மறுமொழியாக அனுப்புகின்றன. பெருந்தின்கலம் தன் மேற்பரப்பிலுள்ள வேறொரு வாங்கியால் அம்மறுமொழியைப் பெறுகின்றது. செய்தி கலத்தின் கருவைச் சென்றடைய, உறங்கிக் கிடந்த பரம்பரையலகுகள் பல இயங்கத் தொடங்குகின்றன; விழுங்கப்பட்ட கிருமியைக் கொல்லும் ஆற்றலைக் கலம் பெறுகின்றது.

இவ்வுரையாடல் மனிதருக்கும் இன்றியமையாததா என்பதை எலிகளை வைத்து மட்டும் கூறிவிட முடியாது. 1996 ஆம் ஆண்டு ஒரே மருத்துவ இதழின் ஒரே வெளியீட்டில் இரு கட்டுரைகள் வெளிவந்தன. ஒன்று, பி. சி. ஜி. தொற்றினால் இறந்த தூனிசியக் குழந்தையொன்றைப் பற்றிய கசனோவா குழுவினரின் கட்டுரை. மற்றையது, சூழலிற் சாதாரணமாகக் காணப்படும் மைக்கோபற்றீரியாக்களால் நோயுற்ற மோல்ற்றாத் தீவுக் குழந்தைகள் பற்றி இலண்டனில் மைக்கேல் லெவின் குழுவினர் எழுதியது. தனித்தனியே உழைத்த இரு குழுக்களும் ஒரே விடையைக் கண்டிருந்தன. இக்குழந்தைகளிடம் காமா இன்ரபெரோனின் வாங்கி இல்லை. மறுமொழி அனுப்பப்பட்டது, அதனைக் கேட்கும் செவிதான் இல்லாதிருந்தது.

1998 இல் உரையாடலின் மறுபக்கமும் புலனாயிற்று. வேறு சில குழந்தைகளிடம் இன்ரலியூக்கின் 12 இன் வாங்கி பழுதுற்றிருந்தது. மற்றொரு குழந்தையிடம் இன்ரலியூக்கின் 12 தானும் தோன்றவில்லை. அதன்பின் இச்சங்கிலியின் கண்ணிகள் ஒவ்வொன்றாகக் கண்டறியப்பட்டன. செய்தியைக் கருவுக்குக் கொண்டுசெல்லும் புரதங்கள், அவற்றை இயக்கும் நொதியங்கள் எனப் பழுது எங்கு நேர்ந்தாலும் விளைவு ஒத்ததாகவே இருந்தது. பரம்பரையலகுகள் பலவாயினும் அவை யாவும் ஒரே தொழிலின் உறுப்புக்கள் என்பது இதனாற் பெறப்படும் முதன்மையான உண்மையாகும். வைத்தியசாலைக் கட்டிலிற் கிடந்த குழந்தைகளின் நோய், நலமுள்ள மனிதர் அனைவரையும் நாள்தோறும் காத்துவரும் வழியைக் காட்டித் தந்தது.

சிகிச்சையிற் கண்ட பயன்

இவ்வறிவு ஏட்டளவில் நிற்பதன்று. இரு குழந்தைகள் ஒரே வகையான காய்ச்சலுடனும் வீங்கிய நிணநீர்க்கணுக்களுடனும் வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்படுகின்றனர் எனக் கொள்வோம். ஒரு குழந்தையிடம் இன்ரலியூக்கின் 12 இன் வாங்கி இல்லை. எனவே காமா இன்ரபெரோன் போதிய அளவு தோன்றுவதில்லை. நுண்ணுயிர்கொல்லி மருந்துகளுடன் காமா இன்ரபெரோனையும் ஊசிமூலம் ஏற்றினால் அக்குழந்தையின் பெருந்தின்கலங்கள் ஆற்றல் பெறும். பெரும்பாலும் அது தேறிவிடும். மற்றைய குழந்தையிடமோ காமா இன்ரபெரோனின் வாங்கி முற்றாக இல்லை. அக்குழந்தையின் குருதியிற் காமா இன்ரபெரோன் ஏற்கெனவே மிகுந்திருக்கும். மேலும் ஏற்றுவதாற் பயன் இல்லை. இடைவிடாத நுண்ணுயிர்கொல்லிச் சிகிச்சையும், ஆபத்து மிகுந்த என்பு மச்சை மாற்றமுமே அதற்குரிய வழிகள். புறத்தே ஒன்றுபோற் தோன்றும் இரு நோய்களுள் ஒன்றைத் தீர்க்கும் மருந்து மற்றதற்கு உதவாமை, காரணத்தை அறிந்தாலன்றி விளங்காது.

குடும்பத்தின் அடுத்த குழந்தைக்கும் இவ்வறிவு காப்பாகின்றது. குறைபாடு இன்னதென அறியப்பட்ட குடும்பத்தில் புதிதாய்ப் பிறக்கும் குழந்தையைச் சோதித்தறியும் வரை பி. சி. ஜி. ஏற்றுவதைத் தவிர்த்தல் கூடும். முன்னைய தலைமுறைகளில் இத்தகைய பெற்றோர், அடுத்தடுத்து இரு குழந்தைகளை இழந்தும் காரணம் அறியாதிருந்தனர்.

அரியதிலிருந்து பொதுவானதற்கு

பத்து இலட்சத்தில் ஒருவருக்கு நேரும் பி. சி. ஜி. நோய் எங்கே, ஆண்டுதோறும் ஒரு கோடிப் பேரைத் தாக்கும் காசநோய் எங்கே என ஒருவர் வினவலாம். இவ்வினா நியாயமானதே. 2001 ஆம் ஆண்டு முதல், இன்ரலியூக்கின் 12 இன் வாங்கி இல்லாத சிலர் பி. சி. ஜி. தொற்றின்றி உண்மையான காசநோய்க்கே ஆளானமை அறியப்பட்டது. எனினும் இத்தகையோர் மிகச் சிலரே.

2018 இல் கசனோவா குழுவினர் ரைக் 2 என்னும் நொதியம் பற்றிய முடிவுகளை வெளியிட்டனர். கசனோவா அப்போது நியூயோர்க்கின் றொக்பெல்லர் பல்கலைக்கழகத்திலும், கணிதமுறைப் பரம்பரையியல் அறிஞர் லோறன் ஏபெலுடன் பாரிசிலும் ஆய்வுகளை நடத்திவந்தார். இந்நொதியத்தின் ஒரு குறித்த விகாரத்தை இரு பிரதிகளிலும் கொண்டோர் ஐரோப்பியருள் ஏறத்தாழ 600 பேரில் ஒருவர். இவர்களிடம், இன்ரலியூக்கின் 12 இன் உறவுப் புரதமான இன்ரலியூக்கின் 23 இனால் தூண்டப்பட்டுக் காமா இன்ரபெரோன் தோன்றுவது குன்றியிருந்தது. பிரித்தானியத் தரவுகளை ஆராய்ந்தபோது, ஐரோப்பிய வழிவந்த காசநோயாளருள் நூற்றுக்கு ஒருவரின் நோய்க்கு இவ்விரட்டைப் பிரதி அடிப்படையாகும் என 2019 இல் மதிப்பிடப்பட்டது. நூற்றுக்கு ஒன்று என்பது சிறிதாகத் தோன்றலாம். ஆனால் எண்ணிறந்த காரணங்கள் பின்னிக் கிடக்கும் ஒரு நோயில், ஒரேயொரு விகாரத்துக்கு இவ்வளவு பங்கு உண்டென்பது எதிர்பாராததொன்று.

இவ்விகாரத்தின் வரலாறும் கருத்துக்குரியது. ஐரோப்பாவிற் கண்டெடுக்கப்பட்ட பழங்கால மனித எச்சங்களின் பரம்பரைப் பொருளை ஆராய்ந்து 2021 இல் வெளியிட்ட முடிவுகள், கடந்த 2000 ஆண்டுகளில் இவ்விகாரம் அங்கு அருகிவந்துள்ளமையைக் காட்டின. இதனைக் கொண்டிருந்தோர் வழித்தோன்றல்களை விட்டுச்செல்லாது பெருந்தொகையில் மாண்டனர் என்பதே இதன் பொருள். ஏடுகளில் எழுதப்படாத காசநோய் இறப்புக்களை இவ்வெச்சங்கள் பதிவுசெய்து வைத்துள்ளன எனலாம்.

2024 இல் வெளியான மற்றோர் ஆய்வு எலிகளிற் கண்ட முடிவை அவ்வாறே மனிதருக்குப் பொருத்துதல் தகாது என்பதை உணர்த்தியது. கட்டி நசிவுக் காரணி எனப்படும் புரதம் காமா இன்ரபெரோனுடன் சேர்ந்து பெருந்தின்கலத்துக்கு ஆற்றல் அளிப்பது. இது இல்லாத எலிகள் பல்வேறு தொற்றுக்களால் மாள்கின்றன. மூட்டுவாதத்துக்காக இப்புரதத்தைத் தடுக்கும் மருந்தைப் பெற்றோரிடம் மறைந்திருந்த காசநோய் மீண்டும் தலைதூக்கியமை 2001 இல் அறியப்பட்டது. ஆனால் இப்புரதம் பிறவியிலேயே அற்ற கொலம்பியர் இருவரைக் கசனோவா குழுவினர் ஆராய்ந்தபோது, அவர்களுக்குத் திரும்பத் திரும்ப நேர்ந்தது சுவாசப்பைக் காசநோய் ஒன்றே. சுவாசப்பையின் பெருந்தின்கலங்கள் கிருமியைக் கொல்லத் தேவையான தாக்குதிறன் மிக்க ஒட்சிசன் சேர்வைகளை அவர்களிடம் போதியளவு ஆக்கவில்லை. மனித உடலிற் பிற உறுப்புக்கள் வேறு வழிகளாலும் காக்கப்படுகின்றன என்பது இதனாற் பெறப்படுகின்றது.

ஏனைய தொற்றுக்கள்

இதே நோக்கினைக் கசனோவா வைரசு நோய்களுக்கும் விரித்தார். ஹேர்ப்பிசு வைரசு வளர்ந்தோர் பலரின் உடலிற் தீங்கின்றி உறைவது. ஆனால் மிகச் சில குழந்தைகளில் அது மூளையழற்சியை விளைவிக்கின்றது. 2006 இலும் 2007 இலும் வெளியான ஆய்வுகள், இவர்களுட் சிலரிடம் வைரசின் வருகையை உணர்ந்து முதலாம் வகை இன்ரபெரோன்களைத் தோற்றுவிக்கும் ஒரு வழி பழுதுற்றிருந்ததைக் காட்டின. இவர்களுடைய குருதிக் கலங்கள் வைரசை எதிர்த்தன. மூளைக் கலங்களே தம்மைத் தாம் காக்க இயலாதிருந்தன. நிர்ப்பீடனம் என்பது வெண்குருதிக் கலங்களுக்கு மட்டும் உரிய தொழிலன்று என்னும் கருத்து இதனால் வலுப்பெற்றது.

2020 இல் கொவிட் 19 பரவியபோது, ஒரே வைரசு பலருக்குத் தடிமனாகவும் சிலருக்கு மரணமாகவும் அமைந்ததை உலகமே கண்டது. கசனோவா பல நாட்டு ஆய்வாளரை ஒன்றுசேர்த்து ஆராய்ந்தார். உயிராபத்தான நிலையடைந்த 987 நோயாளருள் 101 பேரின் குருதியில், அவர்களுடைய சொந்த முதலாம் வகை இன்ரபெரோன்களையே செயலிழக்கச் செய்யும் பிறபொருளெதிரிகள் காணப்பட்டன. இந்த 101 பேருள் 95 பேர் ஆண்கள். இலேசான தொற்றுற்ற 663 பேருள் ஒருவரிடமேனும் இவை காணப்படவில்லை. பரம்பரையலகிற் பழுதில்லாத போதும், உடல் தன் தூதைத் தானே வழிமறித்தால் விளைவு ஒன்றே. இதற்கு முன்னரே, தாய்லாந்திலும் தாய்வானிலும் மைக்கோபற்றீரியாக்களால் நோயுற்ற வளர்ந்தோர் பலரிடம் காமா இன்ரபெரோனுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் உண்டு என்பதை வேறு ஆய்வாளர்கள் 2012 இல் எடுத்துக்காட்டியிருந்தனர். குழந்தையிற் பிறவிக் குறையாய்த் தோன்றுவது முதியோரிற் பின்னர் வந்துசேர்ந்த குறையாயும் தோன்றலாம்.

எமது சிந்தனைக்கு

இவ்வாய்வுகளை மதிப்பிடும்போது இரு எச்சரிக்கைகள் வேண்டும். முதலாவது, இவை காசநோயின் சமூகக் காரணங்களை மறுப்பனவல்ல. இன்று தனியொரு பரம்பரையலகினால் விளக்கக்கூடிய காசநோயாளர் சிறுபான்மையினரே. நல்லுணவும் காற்றோட்டமுள்ள வீடும் உரிய காலத்துச் சிகிச்சையும் காப்பாற்றக்கூடியோரின் தொகையோ மிகப் பெரிது. இரண்டாவது, பரம்பரை என்னும் சொல்லைக் கேட்டதும் நோயாளரின் குடும்பத்தைத் தீண்டத்தகாததாக ஒதுக்கும் பழைய மனப்பான்மைக்கு இவற்றில் ஆதாரம் எதுவுமில்லை. ஒரு குறைபாட்டின் ஒற்றைப் பிரதியைத் தாங்கியவர் பெரும்பாலும் முழு நலத்துடன் வாழ்கின்றார். நம்முள் ஒவ்வொருவரும் ஏதோ சில பழுதுற்ற பிரதிகளைத் தாங்கியவர்களே.

பிறந்த குழந்தைகளுக்குப் பி. சி. ஜி. ஏற்றும் எமது நாட்டில், மச்சான் மச்சாள் உறவில் திருமணஞ் செய்யும் வழக்கம் சில குடும்பங்களிலேனும் தொடரும் எமது சமூகத்தில், இவ்வறிவு தூரதேசத்துச் செய்தி மட்டுமன்று. தடுப்பூசியின் பயனோடு ஒப்பிடும்போது அதன் ஆபத்து மிக அற்பமானது. எனவே அதனைக் கைவிடுவதற்கு இடமில்லை. ஆனால் ஊசியேற்றிய பின் நிணநீர்க்கணுக்கள் பரந்து வீங்கி, காய்ச்சல் நீடித்து, உடல் மெலியும் குழந்தையைக் காணும் மருத்துவர், பெற்றோரின் உறவுமுறையையும், முன்னர் இறந்த உடன்பிறப்புக்களையும், திரும்பத் திரும்ப வந்த சல்மொனெல்லாத் தொற்றையும் வினவுதல் வேண்டும். இன்ரலியூக்கின் 12 வழியிற் குறைபாடுடையோரில் ஏறத்தாழ அரைப்பங்கினருக்குச் சல்மொனெல்லாத் தொற்றும் நேர்கின்றது. உசாவும் இம்மூன்று வினாக்களுக்குச் செலவாவது சில நிமிடங்களே. அவற்றின் விடையிலே ஒரு குழந்தையின் உயிரும், இனிப் பிறக்கவிருக்கும் அதன் தம்பி தங்கையரின் உயிரும் தங்கியிருத்தல் கூடும்.

வித்தைக் கண்டுபிடித்த கொக்கின் காலத்திலிருந்து நிலத்தை ஆராய்ந்தறிய ஒரு நூற்றாண்டுக்கு மேல் சென்றது. இரண்டையும் ஒருங்கே நோக்கும்போதே ஒருவர் நோயுற மற்றவர் தப்புவதன் காரணம் விளங்கத் தொடங்குகின்றது. அப்பணியிற் பெரும்பகுதி இன்னும் எஞ்சியுள்ளது. மருத்துவமும் உயிரியலும் பயிலும் எமது மாணவர் அதில் பங்குகொள்ள முன்வருவரேல், எமது மண்ணின் நோயாளரிடமிருந்தும் உலகு கற்கவேண்டியவை பல வெளிப்படும் என நம்புகின்றோம்.